அதே கல்

சித்திரைக் கடைசி, 1947. வெள்ளி இரவு.

உடம்பெல்லாம் அசதி. ஆனாலும் தூக்கம் வரவில்லை. இன்றோடு கிணற்று வேலை நின்றுபோனது.

என் வீட்டுக்காரர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அந்தத் தீவுக்கு நடுவில் மலை நிற்குமாம். அதிலிருந்து நாலாபக்கமும் ஆறுகள் இறங்கிக் கடலுக்கு ஓடுமாம். பாறையில் விரிசல் கண்ட இடமெல்லாம் தண்ணீர் கசியுமாம். அதை நம்பித்தான் எங்கள் காட்டோரத்துப் பாறை மேட்டின் அடியில் கிணறு வெட்டச் சொன்னார். ஓடைப்பக்கம் வெட்டச் சொன்னவர்கள் பேச்சைக் கேட்கவில்லை.

இன்று வெடி வைத்த பிறகு, கிணறு வெட்டுகிற மாடசாமி மேலே ஏறி வந்து, உடைந்த கல் ஒன்றை இவர் கையில் கொடுத்தார். அதிலிருந்து பொடிதான் உதிர்ந்தது.

"ஈரமே இல்லய்யா. இனிமே வெட்டுறது வீணு."

இவர் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அங்கயும் இதே கல்லுதான் எஸ்தரு. இதே வரி, இதே மினுக்கு."

கல் ஒன்றாக இருந்து என்ன செய்ய? அங்கே வருஷத்துக்கு இரண்டு பருவமழை மலைமேல் கொட்டும் என்று இவர்தானே சொன்னார்.

ராத்திரி சாப்பிட்டு எழுந்தவர், "டிரங்குப் பெட்டிச் சாவிய எங்க வச்ச?" என்று கேட்டார். கப்பலேறும்போது மட்டும் எடுக்கிற பெட்டி அது.

தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

சாவி என் முந்தானையில் முடிந்திருக்கிறது. அவிழ்க்காமலே படுக்கப்போகிறேன்.