மூன்றும் ஒன்றும்

பூசான்

நடுக்கடலில் சூரை மீன்களோடு குடித்தனம் நடத்தும் என் வீட்டுக்காரர் சங்குன் அவர்களுக்கு மிஹ்யாங் எழுதுவது.

நானும் அத்தையும் நலம். வயிற்றுப் பிள்ளைக்கு நெத்திலி என்று பெயர் வைத்தீர்களே என்று சண்டை போட்டேன். இப்போது ஆஸ்பத்திரியில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

போனில் சொன்னால் லைன் அறுந்து, பாதியைக் கேட்டுக் குலை நடுங்கிப் போவீர்கள். அதனால்தான் உங்களிடம் மீன் ஏற்ற வரும் கப்பலில் இதை அனுப்புகிறேன். கடைசிவரை படியுங்கள்.

திங்கட்கிழமை ஸ்கேன் எடுத்தார்கள். நெத்திலியின் நெஞ்சில் ஓரிடத்தில் மூன்று ரத்தக் குழாய்கள் வரிசையாகத் தெரிய வேண்டுமாம். டாக்டர் பியோ திரையைத் தொட்டு எண்ணிக்கொண்டே வந்து, "நாலு இருக்கே" என்றார். அத்தையைத்தான் தெரியுமே உங்களுக்கு. நாலும் சாவும் நம் கொரியப் பேச்சில் ஒரே ஓசை என்று நாலாம் மாடி வீட்டையே வேண்டாமென்றவர். "ஐயையோ, பிள்ளை நெஞ்சுல போய் அதை எண்ணாதீங்கம்மா!" என்று கத்தி, என் கையை நசுக்கிவிட்டார். எனக்கும் உயிரே இல்லை.

டாக்டரும் நம் ஊர்க்காரிதான். "சரிம்மா, எண்ணலை. முக்குக் கடையில மூணு வாங்கினா ஒண்ணு சும்மா தர்றாங்கல்ல? அப்படி வெச்சுக்குங்க. மூணும் ஒண்ணும்" என்றார். அத்தை அழுதுகொண்டே சிரித்தார்.

அந்தக் கூடுதல் குழாய் இதயத்துக்கு ரத்தம் திரும்பி வரும் வழி. அது மட்டுமென்றால் ஒன்றும் செய்யாதாம். ஆனால் இதயத்திலிருந்து புறப்படும் பெரிய குழாய் ஓரிடத்தில் கொஞ்சம் ஒல்லியாகத் தெரிகிறது. பிறந்த பிறகு அது சுருங்கினால் ஆபரேஷன். "சுருங்காமலும் போகலாம். பொறந்தாத்தான் தெரியும், இப்ப சொன்னா பொய் சொன்னதாயிடும்" என்றார் டாக்டர். பிரசவத்தை, குழந்தை இதய டாக்டர்கள் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் தலையணையை முதுகுக்கு வைத்துப் படுக்கிறேன். அதில் உங்கள் வாசனை போயே போய்விட்டது. நெத்திலி உதைக்கும்போதெல்லாம் வயிற்றில் பிடித்துவைக்க உங்கள் கையைத் தேடுகிறேன்.

நேற்றுச் சாப்பாட்டின் நடுவே அத்தை கரண்டியைக் கீழே வைத்தார். "நான், நீ, நெத்திலி. சங்குனும் வந்துட்டா எத்தனை பேருடி?" என்று கேட்டார். "நாலு" என்று அவரே சொன்னார். "நாலுன்னு எழுது. அம்மாவே தன் வாயால சொன்னாள்னு எழுது."

எழுதிவிட்டேன். கேப்டன் காலில் விழுந்தாவது, இந்தக் கடிதம் வந்த கப்பலிலேயே ஏறிவிடுங்கள். கடல் உங்களைப் பத்திரமாகத் திருப்பித் தரட்டும்.

வாசலையே பார்த்திருக்கும்,
மிஹ்யாங்