ஜெபப் பட்டியலில் அடித்த பெயர்

போதகர் ஐயா அவர்களுக்கு,

வழக்கம்போல 'என்னங்க' என்று தொடங்க மனம் வரவில்லை.

ஞாயிறு ஆராதனையில் நீங்கள் வாசிக்கும் ஜெபப் பட்டியலை நான்தான் எழுதித் தருகிறேன். 'வெளியூரில் இருப்பவர்கள்' வரிசையில் நம் மகன் பெயர் மூன்று வருடமாக இருந்தது. போன வாரம் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டீர்கள்.

அவன் ஒலிப்பதிவு செய்த படம் தேவதூஷணமாம். நீங்கள் பார்த்தீர்களா? அன்று ஆராதனைக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தேர்தல் வேட்பாளராவது பார்த்தாரா? அவருக்கு ஓட்டு வேண்டும், உங்களுக்கு அவர் கும்பிடு வேண்டும். அதற்காகப் பிரசங்க மேடையில் நின்று அப்படிக் கொதித்தீர்கள்!

"ஜெயில்ல இருக்கறவங்களுக்கெல்லாம் ஜெபிக்கிறோம், பெத்த பிள்ளைக்குக் கூடாதா?" என்று கேட்டேன்.

"சபைக்கு முன்னாடி என் மானத்தை வாங்காதே" என்றீர்கள்.

நான் படத்தைப் பார்த்துவிட்டேன். ஆலய வாசலில் வந்து நின்ற ஏழைப் பெண்ணை ஒரு போதகர் துரத்துகிறார். அவ்வளவுதான். உங்களுக்கு எங்கே சுட்டது என்று இப்போது புரிகிறது.

இதை அவன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். சாப்பிடும் முன் அவன் இன்றும் உங்கள் பெயரைச் சொல்லித்தான் ஜெபிக்கிறான்.

இந்த வாரப் பட்டியலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். வெளியூரில் இருப்பவர்களில் என் பெயரையும் சேர்க்க வேண்டும். மனம் வராவிட்டால், சிவப்புப் பேனா மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
அவனுடைய அம்மா