இரண்டு தகரம் குறைவு

மார்ச் 3

மேனேஜர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் டிரைவ்-இன் தியேட்டருக்குப் பின்தெருவில் தையல் கடை வைத்திருக்கிறேன். குடியிருப்பது அதே கட்டடத்தின் மூன்றாவது மாடியில். வேலிக்கு மேல் உயரமாகத் தகரம் அடித்து வருகிறீர்கள். இன்னும் நாலு நாளில் எங்கள் ஜன்னலை மறைத்துவிடும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடமாக டிக்கெட் இல்லாமல் படம் பார்க்கிறோம். என் வீட்டுக்காரர் பஸ் டிரைவராக இருந்தவர். பக்கவாதம் வந்து, ஜன்னலைப் பார்த்தபடி கட்டிலில் கிடக்கிறார். வார்த்தை குழறுகிறதென்று யாரிடமும் பேசமாட்டார். என்னிடமும் கைச்சாடைதான். ஆனால் உங்கள் திரையில் யாராவது வாயசைத்தால் போதும், சத்தம்தான் இங்கே கேட்காதே, அவர்களுக்கு இவரே வசனம் பேசுவார். தகரம் வந்தால் அந்தப் பேச்சும் நின்றுபோகும். கொஞ்சம் யோசியுங்கள்.

இப்படிக்கு,
தையல்காரி

மார்ச் 9

அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் கோபம்தான் வந்தது. ஓசியில் படமும் பார்த்துவிட்டு மனு வேறா என்று நினைத்தேன். சரி, நேரில் பார்த்துவிடலாம் என்று புதன்கிழமை ஷோ நடக்கும்போது உங்கள் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றேன். திரையில் வில்லனின் கார் பள்ளத்தில் விழப் போகிறது. மேலேயிருந்து ஒரு குரல், "பிரேக்கப் புடிடா! கண்ண எங்கடா வச்சிருக்க?" சிரித்துவிட்டேன். அப்புறம் ரொம்ப நேரம் அங்கேயே நின்றேன்.

உங்கள் ஜன்னலுக்கு நேராக மட்டும் இரண்டு தகரம் குறைவு என்று முதலாளியிடம் சொல்லியாயிற்று. கார்களுக்கு ரேடியோவில்தான் ஒலி அனுப்புகிறோம். உங்கள் வீட்டு ரேடியோவில் 88.3 வைத்துப் பாருங்கள்.

மேனேஜர்

மார்ச் 15

தம்பி,

அப்படிக் கூப்பிடலாம்தானே? ஒலி நன்றாகவே வந்தது. படத்தில் நாங்கள் அண்ணன் தங்கை என்று நினைத்துக்கொண்டிருந்த இருவரும் புருஷன் பெண்டாட்டியாம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் பத்து நிமிடம் கேட்டார். பிறகு ரேடியோவை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, திரையைப் பார்த்து, "நீ பேசுறது ஒண்ணும் சரியில்ல" என்றார். மறுபடி அவருடைய வசனம்தான் ஓடுகிறது. தப்பாக நினைக்காதீர்கள்.

அக்கா

ஜூன் 18

அக்காவுக்கு,

நீங்கள் வேறு யார் வாயாலும் கேட்டுவிடக் கூடாதென்று எழுதுகிறேன். தியேட்டரை மூடுகிறோம். முதலாளி இடத்தை ஒரு கிடங்குக்குக் கொடுத்துவிட்டார்.

முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால் இங்கே டிக்கெட் கிழிக்கச் சேர்ந்தேன். அப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை என்றால் முந்நூறு கார் வரும். டிக்கிக்குள் ஆளை ஒளித்துக்கொண்டு வருவார்கள். உள்ளேயிருந்து தும்மல் கேட்டால் ஒரு டிக்கெட் சேர்த்துக் கிழிப்பேன். நேற்று வந்தது பதினோரு கார். அதிலும் இரண்டில் ஆள் கைபேசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

முப்பதாம் தேதி கடைசி ஷோ. முதல் வரிசையில் உங்களுக்கு இடம். மாமாவைத் தூக்கி வர ஆட்களை அனுப்புகிறேன்.

தம்பி

ஜூன் 21

தம்பி,

தூக்கிக்கொண்டு போவது என்றதும் அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நீங்களே இங்கே வந்துவிடுங்கள். இத்தனை வருடத்தில் ஒரு படமாவது எழுந்து ஓடாமல் முழுசாகப் பார்த்திருப்பீர்களா? நாற்காலி போட்டு வைக்கிறேன்.

அதற்கப்புறம் இந்த வீடு எப்படி இருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. அவர் எனக்காகப் பேசியதில்லைதான். ஆனாலும் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே பட்டனுக்குக் காஜா எடுத்துப் பழகிவிட்டேன்.

அக்கா

ஜூலை 2

அக்கா,

படத்தை முழுசாகப் பார்க்க வைத்ததற்கு நன்றி. கதாநாயகி கோர்ட்டில் அழும்போது மாமா "சில்லறை இல்லாம பஸ் ஏறாதம்மா" என்றதை நினைத்து, வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சிரித்தேன். திரை வெறும் வெள்ளையாக நின்றபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார் பாருங்கள், அப்போதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பன்னிரண்டாம் தேதி திரைச் சுவரை இடிக்கிறார்கள். அன்றைக்கு ஜன்னலைச் சாத்திவிடுங்கள். நான் இருபதாம் தேதி மகள் வீட்டோடு போகிறேன். அங்கே ஒரு தியேட்டரில் வேலை சொல்லி வைத்திருக்கிறாள். பெரிய கட்டடமாம், ஜன்னலே கிடையாதாம்.

தம்பி

ஜூலை 13

தம்பி,

நேற்று ஜன்னலைச் சாத்தப் போனேன். அவர் கையைக் காட்டித் தடுத்துவிட்டார். உங்கள் கடைசி ஷோவுக்கு அப்புறம் பன்னிரண்டு நாளாக அவர் வாயிலிருந்து ஒரு சொல் இல்லை. கஞ்சியும் பாதிதான் இறங்கியது.

பதினோரு மணிக்குச் சுவர் விழுந்தது. நடுவில் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டது. தூசி அறைக்குள் வந்து எல்லாம் வெள்ளை. ஈரத்துணியால் அவர் முகத்தைத் துடைத்தேன். வெளியே பார்க்க ஒன்றும் இல்லை. என்னையே உற்றுப் பார்த்தார்.

"உனக்கு எப்போ இவ்ளோ நரைச்சுது?"

குழறல்தான். ஆனாலும் ஒவ்வொரு எழுத்தும் எனக்குப் புரிந்தது.

"தூசிங்க" என்றேன்.

"இல்ல. நரைதான்" என்றார். என் தலையைத் தடவித் தூசியைத் தட்டிவிட்டு, அப்புறமும் வெள்ளையாக நின்ற முடியை விரலால் காட்டினார்.

சாயங்காலம் வரைக்கும் பேசினார். முக்கால்வாசி சண்டைதான். டாக்டரிடம் சொன்னால் நம்புவாரோ என்னவோ.

கட்டிலை, நான் உட்கார்ந்து காஜா எடுக்கும் இந்தப் பக்கம் பார்க்கத் திருப்பிப் போடணும், தம்பி. தனியாளாக என்னால் நகர்த்த முடியவில்லை. ஊருக்குக் கிளம்புவதற்குள் ஒரு நடை வந்து ஒரு பக்கம் பிடியுங்கள்.

அக்கா