பசியில்லாத மீன் ஏன் கடித்தது?

இன்று பாரிசில், ரூ காய் தெரு மீன்கடையில் ஐஸின் மேல் ஒரு சால்மன் தலை கிடந்தது. கீழ்த்தாடை கொக்கிபோல் மேல்நோக்கி வளைந்திருந்தது. குனிந்து அதன் வாயைப் பார்த்தேன். கடைத் தம்பி கத்தியை எடுத்துக்கொண்டு, "அக்கா, குழம்புக்கு வெட்டவோ?" என்றான். "இது கடைசியாய் என்ன தம்பி சாப்பிட்டது?" என்று கேட்டுவிட்டேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். நீங்கள் கண்மூடிப் போனபிறகு உங்கள் வியாதி எனக்குத் தொற்றிவிட்டது.

கேள்வி கேட்கிற வியாதிதான், வேறென்ன. எண்பதுகளில் ரூ லூயி-பிளாங் தெருவில் ஒற்றை அறையில் நாங்கள் குடித்தனம் நடத்திய காலத்தில், நிலத்துக்குக் கீழே ஓடுகிற மெத்ரோ ரயில் லா ஷப்பல் நிலையத்தில் ஏன் மேலே ஏறுகிறது என்று டிக்கெட் பரிசோதகரை மறித்துக் கேட்டீர்கள். அந்த மனுசன் பதிலுக்கு உங்கள் டிக்கெட்டை இரண்டாம் முறை வாங்கிப் பார்த்தான். 'ஏன்' என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லையே பெயராக்கி, ரொட்டி விற்கிற பாண்கடைக்காரி உங்களை 'மிஸ்யூ புர்க்குவா' என்றுதான் கூப்பிடுவாள். எனக்கு வெட்கமாக இருக்கும். ஆனால் பதிலைக் கேட்க நானும் காதைத் தீட்டிக்கொண்டுதான் நிற்பேன்.

கனடாவில் இருந்த உங்கள் அண்ணை டெலிபோன் எடுக்கும்போதெல்லாம், "அந்தப் பொந்துக்குள்ளை கிடந்து என்ன செய்யிறியள்? இஞ்சை வாங்கோ" என்பார். உங்களுக்கு ஆசை. சொந்த வீடு, பின்னால் தோட்டம், அதில் கத்தரியும் மிளகாயும். எனக்கோ போவதா இருப்பதா என்று ஒன்றும் தெரியவில்லை. ஒரு கிழமை, ஏழு நாள், போய் நின்று பார்த்து, திரும்புமுன் முடிவு சொல்வதென்று விசா எடுத்துப் போனோம்.

பாரிசுக்குத் திரும்புவதற்கு முதல்நாள், அண்ணையோடு வேலை செய்த ஓர் இத்தாலியக் கிழவர் எங்களையும் அண்ணையையும் தன் படகில் ஒன்ராறியோ ஏரிக்குள் கூட்டிப்போனார். இலைகள் சிவக்கத் தொடங்கியிருந்த நேரம். ஏரி என்றார்கள், எதிர்க்கரையே தெரியவில்லை. நான் நம்பாமல் விரலை நனைத்து நக்கிப் பார்த்தேன். உண்மைதான், உப்பில்லை.

கிழவர் படகை நடை வேகத்தில் ஓட்டினார். ஈயக் குண்டு நூலை ஆழத்துக்குக் கொண்டுபோக, நூல் நுனியில் கரண்டி போன்ற ஒரு தகடு மினுங்கிக்கொண்டு பின்னால் வந்தது. இரை என்று எதுவும் இல்லை. பிடிக்கப்போவது முற்றிய கிங் சால்மன் என்றார் கிழவர். வளர்ந்து முடிந்து, முட்டையிட ஆற்றுக்குள் ஏறுவதற்காக ஆற்றுவாய்க்கு வெளியே வந்து கூடுகிற மீன். இந்தப் பருவத்தில் அது சாப்பிடாது, முட்டையிட்டதும் செத்துவிடும் என்றும் சொன்னார்.

நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள். "சாப்பிடாதெண்டால் பிறகேன் தகட்டைக் கடிக்குது?"

கிழவர் கைமுட்டியை மடக்கிக் காட்டினார். கோபத்தில் கடிக்குமாம். அண்ணை, "பழக்கதோசமடா, வேறென்ன" என்றார். நீங்கள் இரண்டையும் ஏற்கவில்லை. "இல்லை அண்ணை. என்னெண்டு பாக்கிற ஆசையாய் இருக்கும். அதுக்குக் கையே கிடக்கு? வாயாலைதானே தொட்டுப் பாக்கவேணும்."

அப்போதுதான் தூண்டில்தடி வளைந்தது. பக்கத்தில் இருந்த பாவத்துக்கு, கிழவர் அதை என் கையில் திணித்தார். அப்பப்பா, என்ன இழுவை! நான் சுற்றிய நூல் எல்லாவற்றையும் மீன் திருப்பி இழுத்துக்கொண்டு ஓடியது. "விடாதையும்! விடாதையும்!" என்று நீங்கள் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கத்தினீர்கள். மற்றவர்கள் பார்க்க நீங்கள் என்னைத் தொட்டது அதுவே முதல்தடவை.

கிழவர் வலையால் அள்ளிப் போட்டார். கறுத்த செம்பு நிறம், வளைந்த தாடை. வாயைத் திறந்தால் ஈறுகூடக் கறுப்பு. வயிற்றைக் கீறச் சொல்லி நின்றீர்கள். இரைப்பை சுருங்கி என் சின்னவிரல் அளவுக்கு இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. "பாத்தீரே, பசியில்லை!" என்று பள்ளிக்கூடத்தில் முதலாம் பிள்ளையாய் வந்தவர்போலச் சிரித்தீர்கள்.

அந்தச் சந்தோசத்தில் அண்ணை கேட்டார்: "என்னடா முடிவு? இஞ்சை வாறதுக்குப் பேப்பர் போடட்டோ?"

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "அவவைக் கேளுங்கோ அண்ணை."

உங்கள் குடும்பத்தில் அப்படி ஒருவரும் சொன்னதில்லை. "நாங்கள் பாரிசிலையே இருப்பம்" என்றேன். அண்ணை கிழவரிடம் படகைக் கரைக்குத் திருப்பச் சொன்னார். உங்கள் முகம் கொஞ்சம் வாடியது, நான் பார்த்தேன். ஆனால் ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை. அன்றைக்கும் இல்லை, பிறகு யன்னலோரச் சட்டியில் மிளகாய்க் கன்று நட்ட நாட்களிலும் இல்லை. உலகத்தில் உள்ளவன் எல்லோரையும் கேட்ட மனுசன் என்னை மட்டும் கேட்கவில்லை. நான் பதிலை ஆயத்தமாய் வைத்துக்கொண்டு எத்தனை வருடம் காத்திருந்தேன் தெரியுமா?

இப்போது கேளாமலே சொல்கிறேன். அண்ணை வீட்டில் அந்தக் கிழமை முழுக்க நீங்கள் சொன்னது "ஓம் அண்ணை" ஒன்றுதான், ஒரு 'ஏன்' கூட இல்லை. சாப்பாட்டு மேசையில் அவர் பேச, நீங்கள் தலையாட்டினீர்கள். தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழும்பிப் போனீர்கள். நான் கலியாணம் கட்டிய ஆளைத் தேடினேன், காணவில்லை. ஏரியில்தான் திரும்பக் கண்டேன். அந்த வீட்டுக்குப் பக்கத்தில் உங்களுக்குத் தோட்டம் கிடைத்திருக்கும். எனக்கு நீங்கள் கிடைத்திருக்கமாட்டீர்கள்.