நாலேகால் மைலுக்கு அப்பால்

அக்காவுக்கு டாம்சின் எழுதுவது. அம்மாவின் வலது மணிக்கட்டு மாவுக்கட்டில் இருக்கிறது. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். எதையும் கூட்டாமல் குறைக்காமல் உள்ளபடி எழுதுவேன். விட்டுவிடு என்று அவள் சொல்வதையும் விடமாட்டேன். இனி அம்மா.

அன்புள்ள ஹெஸ்டருக்கு, நியூசிலாந்தின் குளிரும் மழையும் உன்னை ஒன்றும் செய்யவில்லை என்று நம்பிக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே என் கையைத் தவிர மற்ற எல்லாரும் நலம். நாற்காலியில் ஏறி விழுந்துவிட்டாள் என்று அப்பா போனில் சொல்லியிருப்பார், எதற்கு ஏறினேன் என்று சொல்லியிருக்க மாட்டார். புதன்கிழமை மாலை பெற்றோர்கள் பள்ளியைச் சுற்றிப் பார்க்க வருவதாக இருந்தது, அதற்காக மண்டபச் சுவரில் ஒரு வரைபடம் மாட்டத் திங்கட்கிழமை ஏறினேன். பள்ளி வாசலை நடுவில் வைத்து நாலேகால் மைலுக்குச் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டிருந்தேன். போன வருடம் கடைசியாக இடம் கிடைத்த பெண்ணின் வீடு அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. நுழைவுத் தேர்வில் தேறி நம் பள்ளியைக் கேட்டவர்கள் இருநூற்று இருபத்து மூன்று பேர், இருப்பது நூற்றைம்பது இடம். உன் காலத்தில் தேறினால் இடம் நிச்சயம். இப்போது ரயில் நிலையத்துக்குப் பின்னால் அத்தனை புது வீடுகள் வந்துவிட்டன, கிட்டத்தில் இருப்பவர்களுக்குத்தான் முதலில் இடம், அவர்களே நிரப்பிவிடுகிறார்கள். பெற்றோருக்குக் கொடுக்கும் தகவல் தாளைத் தயாரிப்பது பள்ளி அலுவலகத்தில் என் வேலைதானே, அதில் இதை மூன்றே வரியில் எழுதிக் கொடுத்தேன். தலைமையாசிரியை மிசஸ் ஆட்லிங்டன் மூன்றையும் அடித்துவிட்டு, திறமையுள்ள ஒவ்வொரு சிறுமியையும் வரவேற்கிறோம் என்று போட்டார். கேட்டதற்கு, "இதுல பொய் எங்க இருக்கு ஜில், வரவேற்கத்தானே செய்றோம். மைல் கணக்கைப் போட்டா பாதிப் பேர் வாசலோட திரும்பிடுவாங்க" என்றார். நான் தரையில் கிடந்தபோதும், "மேப் வேணாம்னு அப்பவே சொன்னேன்" என்றுதான் அவர் வாயில் வந்தது. (இல்லை. முதலில் தன் கோட்டைக் கழற்றி அம்மாவுக்குப் போர்த்தினார், ஆம்புலன்சைக் கூப்பிட்டார், பிறகுதான் அதைச் சொன்னார். நான் அங்கே இருந்தேன். டாம்சின்.)

இதெல்லாம் யாரோ முகம் தெரியாதவர்களுக்காக என்றால் நானும் பேசாமல் இருந்திருப்பேனோ என்னவோ. பக்கத்து வீட்டு டெனீஸின் பிரையனி, நீ தூக்கித் தூங்க வைத்த குழந்தை, அவளும் தேறியிருக்கிறாள். எந்தப் பள்ளி வேண்டும் என்று சொல்லும் படிவத்தில் நாலு வரி உண்டு, நாளை வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. டெனீஸ் நாலு வரியிலும் நம் பள்ளியின் பெயரையே எழுதி வைத்திருந்தாள். "வேற பேரே இல்லன்னா என்ன பண்ணுவாங்க, குடுத்துத்தானே ஆகணும்" என்கிறாள். நாலு தடவை எழுதினாலும் ஒன்றாகத்தான் எடுப்பார்கள், இங்கே இல்லையென்றால் எங்கே காலி இருக்கிறதோ அங்கே தள்ளிவிடுவார்கள், குழந்தை இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிவரும் என்று தலையால் தண்ணீர் குடித்துச் சொல்லிப் பார்த்தேன். அவள் என்ன கேட்டாள் தெரியுமா? "உன் ரெண்டு பொண்ணுங்களும் இதே தெருவுல இருந்துதானே போச்சுங்க? என் பிள்ளைன்னு வந்தா மட்டும் மைல் கணக்கு பேசுறியா?" நம் வீடு ஆறு மைல். இரண்டு வருடம் முன்னால் டாம்சினுக்குக் கிடைத்தபோது கோடு ஏழில் இருந்தது. நான் பெற்ற இரண்டு பேருமே எனக்கு எதிர்சாட்சி. நீங்களாவது சொல்லுங்கள் என்றால் உன் அப்பா, "தக்காளிக்குத் தண்ணி விடணும்" என்று தோட்டத்துக்குப் போய்விட்டார். செடியைப் பிடுங்கி ஒரு வாரம் ஆகிறது.

புதன்கிழமை டாம்சினுக்கு வழிகாட்டி வேலை, சட்டையில் ஒரு வில்லை, கையில் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று அச்சடித்த அட்டை. நூலகத்தில் பத்துப் பெற்றோர் நடுவில் டெனீஸ், "தேறினா இடம் உண்டுதானே, டாம்சின்?" என்று கேட்டிருக்கிறாள். இவள் அட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "போன வருஷம் தேறின எழுபத்து மூணு பேருக்கு இடம் இல்ல ஆன்ட்டி. நம்ம தெரு கோட்டுக்கு வெளியில இருக்கு" என்று சொல்லிவிட்டாள். அங்கேயே வில்லையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். டெனீஸ் வீட்டுக்கு வந்ததும் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "நல்லா சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்கே" என்றாள். நான் ஒரு வார்த்தை சொல்லித் தரவில்லை. (உண்மை. டா.) வில்லையைப் பறிகொடுத்ததற்காக இவளைத் திட்டினேன், பிறகு ஒரு கையால் ஆப்பிள் கிரம்பிள் இனிப்பு செய்து கொடுத்தேன்.

இன்று சாயங்காலம் டெனீஸ் பின்கதவுக்கு வந்தாள். உள்ளே வா என்றால் வரவில்லை. "ரெண்டாவது வரியில என்ன எழுதணும்? முதல் வரியை மாத்த மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்." மாற்றவே வேண்டாம், அதன் கீழே வேறு மூன்று பள்ளிகள் இருந்தால் போதும் என்று அவற்றின் பெயரை இடது கையால் எழுதிக் கொடுத்தேன். "கோழி கிளறின மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். நன்றி எல்லாம் இல்லை. எனக்கு அது வேண்டாம், ஹெஸ்டர். பக்கத்து வீட்டில் பள்ளிக்கூடத்து ஆள் இல்லாதவர்கள் யாரிடம் போய்க் கேட்பார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல். மிசஸ் ஆட்லிங்டன் திருத்திய தகவல் தாள் இன்னும் பள்ளியில் என் மேசையில் கட்டுக்கட்டாக இருக்கிறது. திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் அதே மூன்று வரியை மறுபடி எழுதி வைக்கப் போகிறேன், எத்தனை தடவை அடித்தாலும் சரி.

பல்வலியைத் தள்ளிப் போடாதே. ஈர ஷூவோடு பண்ணையில் நிற்காதே. பிரையனிக்கு ஒரு வரி எழுது, பள்ளியைப் பற்றி மட்டும் எழுதாதே. எங்கிருந்தாலும் உடம்பும் மனசும் நன்றாக இரு, கண்ணு.

அம்மா
(இடது கை)

அக்கா, டெனீஸ் ஆன்ட்டி சமையலறையில் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பது எங்கள் ஜன்னலில் தெரிந்துகொண்டிருந்தது. உறையை ஒட்டப் போகும்போது அங்கே விளக்கை அணைத்தார்கள். படிவத்தை அனுப்பிவிட்டாள் என்று எழுது என்கிறாள் அம்மா. அது எனக்குத் தெரியாது. விளக்கை அணைத்தார்கள், அவ்வளவுதான் தெரியும்.