படாத அடி

மாப்பிள்ளை,

நமக்குள் பேச்சில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை களக்காட்டு மைதானத்தில் உன் பையன் செல்லப்பாண்டியைச் சிவப்பு அட்டை காட்டி வெளியேற்றினார்கள். மாவட்டக் கால்பந்து அணியிலிருந்தும் அவன் பெயரை எடுக்கப் பார்த்தார்கள். அவன் உதைத்ததாகச் சொல்லி உருண்டு புரண்டவன் என் மகன். நான் கோட்டோரம்தான் உட்கார்ந்திருந்தேன். உன் பையன் கால் இவன்மேல் படவே இல்லை.

வாழை மண்டி நடத்துகிற எனக்குக் கல் வைத்துப் பழுக்கவைத்த பழம் தெரியாதா? அறுத்த வயலில் வெறுங்காலோடு ஆடிய நாம், அடிபட்டால் நொண்டுவதைக்கூட மறைப்போம். இன்று டி.வி.யில் கோடிகளுக்கு ஆடுகிறவர்களே படாத அடிக்கு அலறுகிறார்கள்.

வீட்டில் கேட்டால், "எல்லாரும் இப்படித்தான் ஆடுதாவ வாப்பா" என்கிறான்.

"ஏலே, நீ ஆடல, நடிக்கே!"

தேர்வுக்குழு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். உண்மையைச் சொன்னான். செல்லப்பாண்டி பெயர் நிற்கிறது. இவன் பெயரை அடித்துவிட்டார்கள். வீட்டில் யாரும் எனக்குச் சோறு போடவில்லை.

அன்று வயலில் ஆடும்போது நீ உதைத்த தழும்பு என் முழங்காலுக்குக் கீழே இன்னும் இருக்கிறது. மகனிடம் காட்டினேன்.

செல்லப்பாண்டி ஆடும் அன்று வருவேன். பக்கத்து நாற்காலியில் துண்டு போட்டு வைக்கிறேன்.

உன்னிடம் நிஜமாகவே உதை வாங்கியவன்