தோற்கிற பக்கத்தில் உங்கள் மகள்

என் அன்பு அண்ணை,

நீங்கள் போய் ஒன்றரை வருடமாகிறது. இதுவரை உங்கள் படத்துக்கு முன்னால் நின்று நல்ல செய்திகளை மட்டும் சொல்லி வந்தேன். இன்றைக்குச் சொல்லப்போவது நல்லதா கெட்டதா என்று எனக்கே தெரியவில்லை. நீங்கள் வாங்கிய சத்தியத்தை மீறிவிட்டேன்.

உங்கள் மகள் ஆரணி கல்யாணம் கட்டிய பப்லோவின் ஸ்பெயின் ஊரில் ஆண்டுதோறும் ஒரு திருவிழா நடக்கும். பழைய காலத்தில் வட ஆபிரிக்காவிலிருந்து வந்த மூர்களும் கிறிஸ்தவர்களும் கோட்டைக்காக அடிபட்ட சண்டையை ஊரே வேஷம் கட்டி நடித்துக் காட்டும். சதுக்கத்தில் பலகையால் ஒரு கோட்டை கட்டுவார்கள். காலையில் அதை மூர்கள் பிடிப்பார்கள். பிறகு எல்லோரும் போய் வயிறு நிறையச் சாப்பிடுவார்கள். பின்னேரம் கிறிஸ்தவர்கள் திருப்பிப் பிடிப்பார்கள். தோற்கப்போகிறவனுக்கு மத்தியானச் சாப்பாடு கொடுக்கிற சண்டையை நீங்கள் எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா?

பப்லோவின் குடும்பம் தலைமுறை தலைமுறையாக மூர்களின் பக்கம். இந்த வருடம் உங்கள் மகளும் வெடிமருந்து மட்டும் போட்டுச் சுடுகிற துவக்கோடு அந்த வரிசையில் நிற்கப்போவதாகப் போனில் சொன்னாள்.

“ஏன் பிள்ளை, ஒவ்வொரு வருசமும் தோக்கிற பக்கத்தில போய்ச் சேர்ந்தனி?”

“அவையின்ரை உடுப்புத்தான் வடிவு சித்தப்பா. நீங்கள் கட்டாயம் வாங்கோ. அப்பா இருந்திருந்தாலும் வேலையெண்டு வந்திருக்க மாட்டார். நீங்களாவது வாங்கோ.”

அந்தப் பேச்சுத்தான் என்னை விமானம் ஏற்றியது.

டிசம்பர் முப்பத்தொன்றில், சில்வெஸ்டர் என்கிற வருசப் பிறப்பு இரவில், ஜெர்மனியில் எங்கள் பீலெஃபெல்ட் தெரு முழுக்க வெடி கொளுத்துவார்கள். அன்றைக்கு நீங்கள் காரை எடுத்துக்கொண்டு ஆட்டோபான் நெடுஞ்சாலையில் ஏறிவிடுவீர்கள். அங்கே யாரும் வெடி கொளுத்துவதில்லை. ஹனோவர் வரை ஓடி, திரும்பி, மறுபடியும் ஓடி, எல்லாச் சத்தமும் அடங்கிய பிறகுதான் வீடு வருவீர்கள். அண்ணி நேரத்தோடு கண்ணை மூடிவிட்டதால் பிள்ளையோடு வாசலில் நின்று மத்தாப்புக் கொளுத்தியது நான்தான். “அப்பாவுக்கு வேலை” என்று சொன்னதும் நான்தான். தகப்பன் வெடிக்குப் பயந்தவன் என்று அவளுக்குத் தெரியவே கூடாது என்று உங்கள் கையில் அடிக்க வைத்துச் சத்தியம் வாங்கினீர்களே.

அந்தப் பொய்யை நான் கொஞ்சம் நன்றாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. உங்கள் செத்தவீட்டில் அவள் எழுந்து, “ஒரு வருசப் பிறப்புக்கும் அப்பா என்னோட நிக்கேல்லை. அவருக்கு வேலைதான் பெரிசு” என்றாள். நான் முன் வரிசையில் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். உங்கள் மானத்தைக் காக்கப்போய் உங்களைப் பிள்ளைக்குக் கெட்டவராக்கிவிட்டேன், அண்ணை.

எனக்கு வெடிப்பயம் இல்லை என்றுதான் நானும் நம்பியிருந்தேன். ஆனால் வெடி வேறு, துவக்கு வேறு என்று என் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. திருவிழாக் காலையில் கல்வீடுகளுக்கு நடுவே முதல் வரிசை சுட்டதும் நான் நிலத்தில் குப்புறக் கிடந்தேன். இரண்டு காதையும் பொத்தி, வாயைத் திறந்து, நாங்கள் சின்ன வயதில் ஊர் யுத்தத்தில் குண்டு விழும்போது பழகிய அதே மாதிரி. சனம் கை தட்டியது! நானும் நடிக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். ஒட்டுத்தாடி வைத்த ஒருவர் குனிந்து முதுகில் தட்டி “பிராவோ” என்றார்.

ஆரணி மட்டும் கை தட்டவில்லை. துவக்கைப் பப்லோவிடம் கொடுத்துவிட்டு, பட்டு உடுப்போடு ஓடிவந்து என் பக்கத்தில் கல்தரையில் குந்தினாள். என் காதுகளிலிருந்து கைகளை மெதுவாக எடுத்தாள்.

“சித்தப்பா, சில்வெஸ்டருக்கு அப்பா உண்மையா வேலைக்கோ போனவர்?”

நிலத்தில் கிடந்துகொண்டு எப்படிப் பொய் சொல்வது?

“இல்லை பிள்ளை” என்றேன். அந்தப் புகைக்குள்ளேயே முழுவதையும் சொல்லிவிட்டேன்.

அவள் அழவில்லை. கோபப்பட்டாள். “அப்ப ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை? நானும் அவரோட காரில போயிருப்பனே!” இதற்கு உங்களிடம் பதில் இருக்கிறதா?

பின்னேரம் அவள் துவக்கைத் தொடவில்லை. அவளில்லாமலே அவளுடைய பக்கம் தோற்றது. அதற்குப் பிறகு இரண்டு மாதம் எனக்குப் போன் இல்லை. நான் எடுத்தாலும் பப்லோதான் பேசினான்.

நேற்றுத்தான் கூப்பிட்டாள். “சில்வெஸ்டருக்கு வாறன். அப்பான்ரை கார் ஓடுமோ? நான் ஓட்டுறன், நீங்கள் வழி சொல்லுங்கோ.” என்னை மன்னித்தாளா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

கார் என்னிடம்தான் நிற்கிறது. பற்றரியை மாற்றிவிட்டேன். ஆனால் எந்த இடத்தில் திரும்பினீர்கள், எங்கே நிறுத்தித் தேத்தண்ணி குடித்தீர்கள் என்று எனக்குத் தெரியாது, அண்ணை. அவள் வளர்ந்து வெளியூருக்குப் படிக்கப் போன பிறகும் ஒருமுறைகூட நான் உங்களோடு ஏறவில்லை. பயம் உங்களுக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

அதையும் அவளிடம் சொல்வேன். ஹனோவர் போய்த் திரும்பும்வரை அவள் என்ன கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்வேன். இது உங்களுக்கு நான் செய்து தருகிற புதுச் சத்தியம்.

இத்தனை வருடம் உங்கள் பக்கத்து இருக்கையை வெறுமையாக விட்ட,
உங்கள் தம்பி
சிவம்